பேட்மின்டனிலிருந்து ஸ்குவாஷுக்கு: 110 கிராமா, 135 கிராமா?

வடபழனி_வாசன்:

வணக்கம் நண்பர்களே. எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு ஸ்குவாஷ் கோர்ட் உண்டு, ஆனால் இத்தனை நாளும் அது பழைய சைக்கிளும் உடைந்த நாற்காலியும் போட்டு வைக்கும் அறையாகத்தான் இருந்தது. 2025 டிசம்பரில் சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலில் கண்ணாடி கோர்ட் போட்டு உலகக் கோப்பை நடத்தி, இறுதிப் போட்டியில் ஹாங்காங்கை 3-0 என்று இந்தியா ஜெயித்ததும் எல்லோருக்கும் திடீரென்று ஞானோதயம் வந்து, சைக்கிள்களை வெளியே தள்ளிவிட்டு ஆட ஆரம்பித்துவிட்டோம். ஏசி கிடையாது, மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும்.

நான் காலேஜ் காலத்திலிருந்து பேட்மின்டன் ஆடுகிறவன். இப்போதைக்குப் பக்கத்து பிளாக் நண்பரின் அலுமினியம் பேட்டை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அது ஏதோ கடப்பாரையைத் தூக்கி வீசுவது போல இருக்கிறது. சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால் ஒரே குழப்பம். என் பட்ஜெட் எட்டாயிரம் வரை. கடைசியில் இரண்டு மிஞ்சியது. ஒன்று 110 கிராம், டியர்டிராப் வடிவம், தலை கனம். இன்னொன்று 135 கிராம், தலையும் கைப்பிடியும் சேரும் தொண்டையில் பிரிட்ஜ், அதாவது குறுக்குப் பட்டை வைத்தது, ஈவன் பேலன்ஸ், அதாவது தலைக்கும் கைப்பிடிக்கும் சம கனம் என்று போட்டிருக்கிறது. கடைக்காரர் இரண்டையும் கையில் கொடுத்து, "லைட் வெயிட்தான் சார் இப்ப எல்லாரும் கேக்குறாங்க" என்கிறார். பேட்மின்டன் பேட் 85 கிராம்தான் இருக்கும், அதனால் எனக்கும் 110தான் சரி என்று தோன்றுகிறது. ஆடுபவர்கள் யாராவது சொல்லுங்கள். நரம்பு பற்றியும் சொன்னால் நல்லது.

பின்சுவர்:

வாசன், அந்த 110 ஐ வாங்காதீர்கள், அதுவும் பேட்மின்டனிலிருந்து வருகிற நீங்கள் வாங்கவே வாங்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். பேட்மின்டனில் மணிக்கட்டையும் முன்கையையும் ஒரு சுண்டு சுண்டினால் காக் பறந்துவிடும், அதன் எடை ஐந்து கிராம் சொச்சம். ஸ்குவாஷ் பந்து 24 கிராம். அதைப் பின் மூலையிலிருந்து தோண்டி எடுத்து முன்சுவர் வரைக்கும் அனுப்ப வேண்டும். மணிக்கட்டை மேலே மடக்கி அப்படியே உறுதியாக வைத்து, தோளிலிருந்து முழு வீச்சாக வர வேண்டும். 110 கிராம் பேட்டைக் கையில் கொடுத்தால் பழைய பழக்கம் உடனே தலைதூக்கும், எல்லாப் பந்தையும் சுண்ட ஆரம்பித்துவிடுவீர்கள். எங்கள் கோர்ட்டுக்கு வருகிற பேட்மின்டன் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் இதைப் பார்க்கிறேன், முதல் மாதம் பந்து ஜோராகப் போகும், அப்புறம் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பேட் லேசாக இருந்தால் அடியின் அதிர்வைத் தாங்க அதில் சரக்கு இல்லை, கை தாங்க வேண்டியதாகிறது. கொஞ்சம் கனம் இருந்தால் பேட்டே வீச்சைக் கொண்டுபோகும், நீங்கள் திசை மட்டும் காட்டினால் போதும்.

இரண்டாவது, உடைவது. எடையைக் குறைக்க வேண்டுமென்றால் எங்காவது கார்பனைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் பக்கச் சுவரை உரசுவார்கள், பின் மூலையில் பேக்ஹேண்ட் எடுக்கும்போது சட்டத்தைச் சுவரில் அடிப்பார்கள், அதைத் தவிர்க்கவே முடியாது. சுவரில் அடித்து உடைந்ததற்கு பெரும்பாலும் கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை.

ஆனால் எடையைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, அது பேலன்ஸ். விதிப்படி ஒரு பேட் அதிகபட்சம் 686 மி.மீ. நீளம் இருக்கலாம், கடையில் இருக்கும் பெரியவர்கள் பேட் எல்லாமே ஏறக்குறைய அந்த நீளம்தான். அப்படியானால் நடுப்புள்ளி கைப்பிடி நுனியிலிருந்து 343 மி.மீ. வாக்கில் வரும். அந்த இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்துப் பேட்டைக் கிடையாக நிறுத்திப் பாருங்கள், தலை சாய்ந்தால் தலை கனம், கைப்பிடி சாய்ந்தால் தலை லேசு. பேட்டின் மேல் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் நரம்பும் கிரிப்பும் போடாத வெறும் சட்டத்துக்குச் சொல்வது. தலை கனமான 110 கிராம் பேட்டும் தலை லேசான 140 கிராம் பேட்டும் வீசும்போது கையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும், சில சமயம் 110தான் மந்தமாகத் தெரியும். வெறும் கிராமை வைத்துப் பேட் வாங்குவதில் அர்த்தமே கிடையாது.

135 வாங்குங்கள். முடிந்தால் வாங்குவதற்கு முன்பு யாரிடமாவது கடன் வாங்கி ஒரு கேம் ஆடிப் பாருங்கள்.

கட்டிங்_மெஷின்:

நான் கோயம்புத்தூரில் பேட்மின்டன், டென்னிஸ், ஸ்குவாஷ் மூன்றுக்கும் கட்டிங், அதாவது பேட்டுக்கு நரம்பு போட்டுக் கொடுக்கிறவன், அதனால் என் பங்குக்கு.

பின்சுவர் அண்ணன் சொன்ன அந்த அச்சடித்த எடை விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 110, 125, 135 என்று எழுதியிருப்பது சட்டத்தின் எடை. அதன் மேல் தலை ஓரத்தைக் காக்கும் பிளாஸ்டிக் பம்பர், நரம்பு போகிற துளைக்குள் இருக்கும் கிராமெட், நரம்பு, கிரிப் எல்லாம் ஏறும். தராசில் வைத்தால் பெரும்பாலான பேட் எழுதியிருப்பதைவிட 25, 30 கிராம் அதிகமாகத்தான் காட்டும். சில கம்பெனி பம்பரைச் சேர்த்துச் சொல்லும், சில சேர்க்காது. அதனால் ஒரு கம்பெனியின் 120 ஐயும் இன்னொரு கம்பெனியின் 120 ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. ஒரே வரிசைக்குள் ஒப்பிடலாம். டெக்னிஃபைபர் கார்போஃப்ளெக்ஸில் 125, 130, 135 என்று இருக்கும், ஹெட் ஸ்பீடில் 120, 135 என்று இருக்கும், அந்த எண்களுக்கு அந்த வீட்டுக்குள் மட்டும்தான் மரியாதை. கடைக்குப் போகும்போது சமையலறைத் தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இன்னொரு தந்திரம். கிரிப்பின் மேல் ஓவர்கிரிப் ஒன்று சுற்றினாலே ஐந்து கிராம் வாக்கில் கைப்பிடியில் ஏறும், பேலன்ஸ் கீழே இறங்கும். தலை கனமாகத் தெரிகிற பேட்டை நாலைந்து மில்லிமீட்டர் இறக்க அதுவே போதும், புதுப் பேட் வேண்டியதில்லை.

இப்போது நரம்பு. எட்டாயிரம் பட்ஜெட் என்றால் ஆறாயிரத்துக்குப் பேட் வாங்கிவிட்டு மிச்சத்தை நரம்புக்கும் கிரிப்புக்கும் ஒதுக்குங்கள். இந்த விலையில் வருகிற பேட்டுகளில் ஃபேக்டரியில் போட்டு அனுப்பும் நரம்பு பெரும்பாலும் தடித்த சாதாரண நைலான், பந்து அதில் பட்டால் பலகையில் பட்டது போல இருக்கும். கடையிலேயே மாதக்கணக்கில் தொங்கி டென்ஷனும், அதாவது நரம்பின் இறுக்கமும் இறங்கியிருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு டெக்னிஃபைபர் 305 இல் 1.20 மி.மீ., அல்லது ஆஷ்வே சூப்பர்நிக் மாதிரி ஒன்று போட்டுப் பாருங்கள், அதே பேட்டா என்று கேட்பீர்கள். மெல்லிய நரம்பு பந்தைக் கொஞ்சம் கடிக்கும், டிராப்பும் ஸ்லைஸும் பேசும். 1.10 இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் புதிதாக ஆடுகிறவர் சட்டத்து ஓரத்தில் அடித்தே அறுத்துவிடுவார், இப்போதைக்கு வேண்டாம்.

டென்ஷன் 24, 25 பவுண்டு போதும். பேட்மின்டன்காரர்கள் வந்து 28 போடு, 30 போடு என்று கேட்பார்கள். டென்ஷன் ஏற ஏறப் பந்து நரம்பில் தங்காது, கட்டுப்பாடு கூடும், வேகம் குறையும், நரம்பு சீக்கிரம் அறும். தவிரவும் சட்டத்தின் மேலேயே எவ்வளவு வரை போகலாம் என்று எழுதியிருக்கும், அதைத் தாண்டினால் சட்டத்துக்கு ஆபத்து. கட்டிங் போடுகிறவர் பேட்மின்டன் மட்டும் போடுகிறவர் என்றால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், ஸ்குவாஷ் சட்டத்தை மெஷினில் சரியாகப் பிடிக்காவிட்டால் வடிவமே கோணும்.

நிக்_ஷாட்:

எல்லோரும் சேர்ந்து 110 ஐ ஊரைவிட்டே தள்ளிவைத்துவிட்டீர்கள்! நான் மாற்றுக் கருத்து. பந்து தரையில் படுவதற்கு முன்பே அடிக்கிற வாலி ஆடுகிறவனுக்கு, கோர்ட் நடுவில் கோடுகள் சேரும் டி பக்கத்திலேயே நின்று பந்தை வெட்டுகிறவனுக்கு, லேசான பேட் வரம். எதிராளி அடித்ததும் கை தூக்கி வைக்க வேண்டும், அதற்கு நேரம் கிடைப்பதில்லை. பேட்மின்டன் ஆட்களுக்கு ரிஃப்ளெக்ஸ் நன்றாக இருக்கும், அந்த ஒரே சொத்தை ஏன் கெடுக்கிறீர்கள்?

டியர்டிராப் பற்றி யாரும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டியர்டிராப்பில் நெட்டு நரம்பு தொண்டை வரைக்கும் நீண்டு இறங்கும், நரம்பு நீளமாக இருப்பதால் அதிகமாக வளைந்து கொடுத்துப் பந்தைத் தள்ளும், பந்து நன்றாகப் படுகிற ஸ்வீட் ஸ்பாட்டும் பெரிது, நடுவில் சரியாக அடிக்காவிட்டாலும் பந்து போய்ச் சேரும். பிரிட்ஜ் வைத்தால் நெட்டு நரம்பு குட்டை, விறைப்பு அதிகம், அடி துல்லியம், ஆனால் வேகத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். புதியவருக்கு டியர்டிராப்தான் மன்னிக்கும் பேட். ஆகவே என் ஓட்டு 120, 125 கிராம் டியர்டிராப்புக்கு. 110 கொஞ்சம் அதிகப்படிதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

பின்சுவர்:

நிக்_ஷாட் தம்பி, நீங்கள் ஏசி கோர்ட்டில் ஆடுகிறீர்கள், உங்கள் பந்து சீக்கிரம் சூடாகாது, உங்களுக்கு வேகம் வேண்டும். வாசன் ஆடுவது சைக்கிள் ஷெட்டில் :) மே மாதம் அங்கே பந்து ரப்பர் பந்து மாதிரி துள்ளும், அங்கே வேகத்துக்கு என்ன பஞ்சம்? பந்தைச் சாகடிப்பதுதான் கஷ்டம். கட்டுப்பாடு தருகிற பேட்தான் வேண்டும். 120, 125 வரை வந்தால் எனக்கும் சண்டை இல்லை.

கேஎல்_அகிலா:

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரும் உங்கள் சென்னை மாதிரிதான், வெயிலும் புழுக்கமும். மேஜர் மணியம் எங்கள் மலேசியாவிலிருந்து வந்துதானே உங்கள் சென்னை ஸ்குவாஷ் அகாடமியில் பல வருடம் பயிற்சி கொடுத்தார், அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

பேட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், பந்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே? வாசன் அண்ணன் எந்தப் பந்தில் ஆடுகிறார்? இரட்டை மஞ்சள் புள்ளி என்றால் அதுதான் முதலில் மாற்ற வேண்டியது. அது பெரிய ஆட்டக்காரர்கள் பந்து, நீண்ட ரேலி ஆடிச் சூடாக வைத்திருந்தால்தான் எழும்பும். உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பின் விதியிலேயே இருக்கிறது, 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் 23 டிகிரியில் 12 சதவீதம் எழும்பினாலே போதும், 45 டிகிரியில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது குளிர்ந்த பந்தும் சூடான பந்தும் இரண்டு வேறு பந்துகள். புதியவர்கள் இரண்டு அடி அடித்து நிறுத்திவிட்டுப் பந்து பொறுக்கப் போவார்கள், பந்து ஆறிப்போய்க் கல் மாதிரி கிடக்கும், அதைத் தூக்க முழு பலத்தையும் போட்டு அடித்துத் தோள் போய்விடும், அப்புறம் பேட் கனம் என்று புகார். டன்லப்பில் நீலப் பந்து 12 சதவீதம் பெரிது, சிவப்பு 6 சதவீதம் பெரிது, ஒற்றை மஞ்சள் புள்ளி அளவில் ஒன்றுதான், ஆனால் சற்று அதிக நேரம் மேலே நிற்கும். கோர்ட் சூடாக இருப்பதால் சிவப்பு அல்லது ஒற்றை மஞ்சள் போதும் என்று நினைக்கிறேன். முதலில் பந்தை மாற்றி ஒரு வாரம் ஆடுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள். உங்கள் நண்பரின் கடப்பாரையே கொஞ்சம் இளைத்துவிட்டது போலத் தெரியும்.

வியர்வை இன்னொரு பிரச்சினை. கையில் வழுக்கினால் இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்கிப் பிடித்தால் வீச்சு செத்துவிடும். கரக்கல் பியூ கிரிப் இங்கே எல்லோரும் போடுவது, கையில் ஒட்டும். புழுக்கம் அதிகமானால் டவல் கிரிப்.

என் மகளுக்குப் பதினொரு வயது, 2024 இல் எங்கள் நாட்டு வீராங்கனை சிவசங்கரி லண்டனில் பட்டம் ஜெயித்ததிலிருந்து வீட்டில் பேட்டைக் கீழே வைப்பதில்லை. சின்னப் பிள்ளைகள் குட்டைப் பேட் வாங்குவதா, பெரிய பேட்டையே வாங்கிவிடுவதா என்று இங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள். லேசான பேட் என்றால் உங்கள் 110 ஐ அவளுக்கு அனுப்பிவிடலாமே!

பின்சுவர்:

பதினொரு வயதுக்கு முழு நீளப் பேட்டே வாங்கிவிடலாம் தங்கச்சி, 115, 120 கிராமில், தலை லேசானதாகப் பார்த்து. இந்த வயதில் குட்டைப் பேட் வாங்கினால் ஒரு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும், மாற்றும்போது தூரக் கணக்கு வேறு குழம்பும். அதைவிட முதலில் கண்ணுக்குக் கண்ணாடி வாங்குங்கள், பாலிகார்பனேட், விளையாட்டுக்கென்றே செய்தது. ஸ்குவாஷ் பந்து 40 மி.மீ., கண் குழிக்குள் அப்படியே போய் உட்கார்கிற அளவு. ஜூனியர் போட்டிகளில் கட்டாயம். பெரியவர்களுக்கும் இதையே சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

வடபழனி_வாசன்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவே இல்லை. அகிலா சொன்ன மாதிரி பந்தைப் பார்த்தேன், இரட்டை மஞ்சள்தான், அதுவும் பளபளவென்று தேய்ந்து போனது. சிவப்பு வாங்கியாயிற்று, ரேலி என்று ஒன்று இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

கடைக்காரரிடம் கேட்டு 135 ஐ மட்டும் ஒரு சாயங்காலம் வாங்கி வந்து ஆடினேன். பின்சுவர் அண்ணா சொன்னது போல விரலில் நிறுத்திப் பார்த்தேன், ஈவன் என்று போட்டிருந்தாலும் தலை நன்றாகவே சாய்கிறது. ஆனால் பின் மூலையிலிருந்து உயரமாகத் தூக்கி லாப் அடிக்கும்போது கஷ்டமே தெரியவில்லை, வாலியில்தான் தாமதமாகிறது. இதற்கிடையில் ஒருவர் கார்போஃப்ளெக்ஸ் 125 ஐப் பழையதாக விற்கிறார், டியர்டிராப்தான், என் பட்ஜெட்டுக்குள்ளேயே வருகிறது, இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்பது போலவும் இருக்கிறது. பழைய பேட்டில் என்ன பார்க்க வேண்டும்?

கட்டிங்_மெஷின்:

பகல் வெளிச்சத்தில் பாருங்கள் சார், டியூப் லைட்டில் பார்க்காதீர்கள். கடிகாரத்தில் பத்து மணியும் இரண்டு மணியும் இருக்கிற இடம், அங்கேதான் பக்கச் சுவர் அடி விழும். பெயின்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை, உரிந்த இடத்தில் நகத்தை ஓட்டுங்கள், நகம் மாட்டினால் விரிசல். அப்புறம் தொண்டை சேரும் இடத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். தலையையும் கைப்பிடியையும் பிடித்து லேசாக முறுக்கினால் "கிர்ர்" என்று சத்தம் வரக் கூடாது. கைப்பிடிக்குள் ஏதாவது உருண்டு கடகடத்தால் அது பெரும்பாலும் உடைந்த நுரைத் துண்டு, ஆட்டத்துக்குப் பாதகமில்லை, விலை குறைக்கச் சாக்கு.

பம்பர் தேய்ந்து சட்டம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த மாடலுக்குப் பம்பர் செட் இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகு பணம் கொடுங்கள், கிடைக்காவிட்டால் பேட் நன்றாக இருந்தும் பிரயோசனம் இல்லை. நரம்பை அழுத்திப் பார்க்க வேண்டாம், எப்படியும் வெட்டத்தான் போகிறோம். விற்பவர் வெயிலில் காரிலேயே பேட்டை வைத்திருந்த ஆளா என்றும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள்.

நிக்_ஷாட்:

125 டியர்டிராப்! கடைசியில் நான் சொன்னதுதானே :) வாங்கியதும் 24 இல் கட்டிங் போட்டுவிட்டு இங்கே சொல்லுங்கள்.

பின்சுவர்:

சரி, வாங்கட்டும். ஆனால் ஓவர்கிரிப் இரண்டு சுற்றி இறக்கிக்கொள்ளுங்கள் வாசன், அந்த வரிசையில் தலை கொஞ்சம் கனம்தான்.